சிறுநீரக நரம்பைச் சுட்டால் பிரஷர் இறங்குமா?

டாக்டரிடம் கேளுங்கள் பகுதி. பதில் சொல்பவர் செங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. தென்காசியிலிருந்து புனலூர், கொட்டாரக்கரைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். பல வருஷமாக பிரஷர் இருக்கிறது. நான்கு மாத்திரை போட்டும் 170/100க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. திருவனந்தபுரத்தில் ஓர் இதய டாக்டரிடம் போனோம். தொடை வழியாக வயரை விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைச் சுடுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்கும் முன் சில டெஸ்ட் எடுக்க வேண்டும், பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். என் கொழுந்தனார், "செய்துவிட்டால் மாத்திரையே வேண்டாமாம்" என்கிறார். என் அண்ணன், "நரம்பைச் சுட்டால் கிட்னி போய்விடும், விட்டுவிடு" என்கிறார்.

அவர் போடும் மாத்திரைகள்: காலையில் டெல்மிசார்டன் 40. இரவில் லோசார்டன் 50, இது புனலூர் டாக்டர் கொடுத்தது. ஆம்லோடிபின் 5, இது ஹெல்த் நர்ஸ் வீட்டில் வந்து தருவது. அப்புறம் ஆம்லோடிபினும் டெல்மிசார்டனும் சேர்ந்த மாத்திரை ஒன்று. இடுப்பு வலிக்கு அசிக்ளோஃபெனாக் அடிக்கடி போடுவார். என்ன செய்யட்டும் டாக்டர்?

– பெயர் வேண்டாம், புளியரை

பதில்: அம்மா, அட்டையைத் திருப்பிப் பார்த்து ஒவ்வொரு மருந்தின் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இந்தச் சிக்கலின் முடிச்சு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

மாத்திரை நான்கு. ஆனால் மருந்து வகை இரண்டுதான். டெல்மிசார்டனும் லோசார்டனும் ஒரே வகை. அந்த வகையில் இரண்டைச் சேர்த்துப் போடுவதால் பிரஷருக்குப் பெரிய லாபம் இல்லை. சிறுநீரகத்துக்குச் சுமை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும் அபாயம். ஆம்லோடிபின் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. டெல்மிசார்டனும் அப்படித்தான். இதில் சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மாத்திரை ஒன்றுகூட இல்லை.

மருந்துக்கு அடங்காத பிரஷர் என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டு. வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகள் போட வேண்டும். அவற்றில் ஒன்று உப்பை வெளியேற்றும் மருந்தாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் உடம்பு தாங்கும் முழு அளவில் இருக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர். உங்கள் வீட்டுக்காரர் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை. இது நல்ல செய்தி.

எல்லையில் இருக்கிற நமக்கு இது அடிக்கடி நேர்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. பாதிக் குடும்பம் இந்தப் பக்கம், பாதிக் குடும்பம் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம். காய்ச்சலுக்கு இங்கே, நெஞ்சு வலிக்குத் திருவனந்தபுரம், வேலைக்குப் போன இடத்தில் தலைசுற்றினால் புனலூர். ஒவ்வொரு டாக்டரும் தன் கண்ணில் பட்டதற்கு மருந்து எழுதுகிறார். அடுத்தவர் எழுதியது அவருக்குத் தெரிவதில்லை. என்னிடம் வருகிறவர்களை மஞ்சப்பையோடு எல்லா அட்டையையும் கொண்டுவரச் சொல்லி, மேஜையில் கொட்டச் சொல்வேன். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும், கம்பெனிப் பெயர் மட்டும் மிச்சம் இருக்கும். உறையில் மலையாளத்தில் காலை, இரவு என்று எழுதியிருக்கும். இரண்டு கம்பெனிப் பெயர், இரண்டு நிறம், உள்ளே ஒரே மருந்து. இனி அட்டையைக் கத்தரிக்க வேண்டாம் என்று கடையில் சொல்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முழுப் பையும் கூட வரட்டும்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பட்டியலை ஒரே டாக்டரிடம், யாராவது ஒருவரிடம், முழுப் பொறுப்பாகக் கொடுங்கள். இரட்டிப்பை நீக்கி, குளோர்தாலிடோன் போன்ற உப்பு வெளியேற்றும் மருந்தைச் சேர்த்து, ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்து அவர் சரிசெய்வார்.

ஆனால் அசிக்ளோஃபெனாக் விஷயத்தை இன்றைக்கே பேசுங்கள். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். பிரஷர் மருந்து பலவற்றின் வேலையையும் கெடுக்கும். சிறுநீரகத்தையும் மெதுவாக அரிக்கும். உங்கள் அண்ணன் கிட்னி போய்விடும் என்று பயப்படுகிறார்; அவர் பயப்பட வேண்டியது இந்த மாத்திரைக்கு. வலிக்குப் பாராசிட்டமாலும், இடுப்புக்கு உடற்பயிற்சியும் போதுமா என்று கேளுங்கள். அரிஷ்டம், லேகியம் ஏதாவது சாப்பிடுகிறாரா? அதிமதுரம் சேர்ந்தது என்றால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அதுவும் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். மூக்கடைப்பு மாத்திரை, குடி இரண்டும் அதே பட்டியலில் உண்டு. உப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும். லாரிக்காரர்களுக்கு ஹோட்டல் சாப்பாடு, ஊறுகாய், கருவாடு என்று அது நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஊறுகாயையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியை நீங்கள்தான் எனக்குப் பதிலாக அவரைக் கவனித்துச் சொல்ல வேண்டும். குறட்டை உண்டா? குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சு நிற்கிற நோய், அடங்காத பிரஷர்காரர்களிடம் மிக அதிகம். ஓட்டுநருக்கு இது பிரஷர் கதை மட்டும் இல்லை. ஆரியங்காவு மலை வளைவில் ஒரு நொடி கண் மூடினால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் தூக்கப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள்.

திருவனந்தபுரம் டாக்டர் சொன்ன 'சில டெஸ்ட்' என்பதில் அட்ரினல் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் பிரஷர் சாதாரண மருந்துக்கு அசையாது. பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்பதாலேயே இது இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரக ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதும் ஸ்கேனில் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால் வைத்தியமே வேறு. 24 மணி நேரம் கையில் பட்டை கட்டி எடுக்கும் பிரஷர் அளவும் கட்டாயம். டாக்டரைக் கண்டாலே ஏறி, வீட்டுக்குப் போனதும் இறங்குகிற பிரஷர் எத்தனையோ பேருக்கு உண்டு.

இத்தனையும் சரிசெய்து, மூன்று வகை மருந்தும் முழு அளவில் போட்டும் இறங்கவில்லை என்றால் நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் உண்டு. 2015இல் பிரிட்டனில் பாத்வே-2 என்ற ஆய்வில், அடங்காத பிரஷருக்கு நான்காவது மருந்தாக மற்றவற்றைவிட இதுதான் நன்றாக வேலை செய்தது. மலிவான மாத்திரை. சில ஆண்களுக்கு மார்பில் வலி, வீக்கம் வரும். பொட்டாசியத்தைக் கண்காணிக்க வேண்டும். அதையும் தாங்க முடியவில்லை, அல்லது அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த நரம்புச் சிகிச்சையைப் பேசலாம்.

சரி, அது என்ன சிகிச்சை? மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஓடும் நரம்புகள், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் வெளிச்சுவரை ஒட்டியே போகின்றன. மூளையிலிருந்து வரும் நரம்பு, உப்பைப் பிடித்துவை, பிரஷரை ஏற்றும் ரெனினைச் சுர என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை கொண்டுவருகிறது. சிறுநீரகத்திலிருந்து மேலே போகும் நரம்பு, உடம்பு முழுவதும் ரத்தக்குழாய்களை இறுக்கும்படி மூளையைத் தூண்டுகிறது. பிரஷர் நோயாளிகள் பலருக்கு இந்தப் போக்குவரத்து மிதமிஞ்சி நடக்கிறது. அதைத் தணிப்பதுதான் நோக்கம்.

வயிற்றைக் கிழிப்பதில்லை. தொடை மடிப்பில் ஊசித் துளை போட்டு, அங்குள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனி வரை கொண்டுபோவார்கள். சாயம் செலுத்தித் திரையில் படம் பார்ப்பார்கள். ஒரு கருவியின் நுனி, பாகற்கொடியின் பற்றுச்சுருள் மாதிரி தமனிக்குள் விரிந்து சுவரைத் தொட்டு நிற்கும். அதில் உள்ள நான்கு மின்முனைகள் ஒரு நிமிடம் ரேடியோ அலைச் சூட்டைச் செலுத்தும். இன்னொரு கருவி அல்ட்ராசவுண்ட் சூட்டைச் சில நொடிகள் கொடுக்கும். அதைச் சுற்றியுள்ள பலூனில் தண்ணீர் ஓடி உட்சுவரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். சூடு சுவரைத் தாண்டிப் போய் வெளியே உள்ள நரம்பைப் பொசுக்கும். இரண்டு பக்கமும் செய்வார்கள். சுடும்போது முதுகுப் பக்கம் வலிக்கும் என்பதால் நன்றாக மயக்கம் தருவார்கள். பெரும்பாலும் ஒருநாள் இரவு ஆஸ்பத்திரியில் தங்கினால் போதும். காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கொழுந்தனாருக்கும் அண்ணனுக்கும். மாத்திரை வேண்டாம் என்பது சரியில்லை. பொய்ச் சிகிச்சை, அதாவது துளை போட்டும் நரம்பைச் சுடாமல் விட்ட சிகிச்சை, பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்தச் சிகிச்சையால் கூடுதலாகக் கிடைத்த இறக்கம், நாள் முழுக்க எடுத்த கணக்கில், பலவற்றில் 4 முதல் 6 பாயிண்ட் வரை. சிலவற்றில் அதுவும் வரவில்லை. ஒருவருக்கு 20 இறங்கும். இன்னொருவருக்கு எதுவுமே இறங்காது. யாருக்கு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல டெஸ்ட் கிடையாது. அநேகருக்கு மாத்திரை தொடரும், சிலருக்கு ஒன்றிரண்டு குறையலாம். 170இல் இருக்கிறவருக்கு இது மட்டும் போதாது. அதே சமயம் 5 பாயிண்டை அலட்சியமாகவும் நினைக்கக் கூடாது. 2021இல் வெளியான பெரிய மருந்து ஆய்வுத் தொகுப்பு, மேல் அளவு 5 பாயிண்ட் குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்று காட்டியது. அது மாத்திரையால் வந்த இறக்கம். நரம்பைச் சுட்டதால் மாரடைப்பு குறைகிறது என்று நேரடியாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

கிட்னி போய்விடும் என்பதும் சரியில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளை மூன்று வருஷம் பின்தொடர்ந்தபோது சிறுநீரகம் இதனால் கெட்டதாகத் தெரியவில்லை. இறங்கிய பிரஷரும் இறங்கியபடியே நின்றிருக்கிறது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். துளை போட்ட இடத்தில் ரத்தக் கசிவு, ரத்தக் கட்டு வரலாம். அபூர்வமாகத் தமனிச் சுவர் கிழியலாம், பிற்பாடு சுருங்கலாம்.

நீங்கள் திருவனந்தபுரம் போங்கள். அந்த டாக்டர் அவசரப்படுத்தவில்லை, டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார், அது சரியான வழி. ஆனால் முதலில் மாத்திரையைச் சரிசெய்து, வலி மாத்திரையை விட்டு, இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டுப் போங்கள். 170 என்பது தள்ளிப்போடுகிற அளவு இல்லை; மாத்திரைச் சீட்டு இந்த வாரமே மாற வேண்டும். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், பார்வை மங்கல் வந்தால் யாரையும் கேட்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். இந்தச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று 2014இல் படித்த ஞாபகம். இப்போது மறுபடி எப்படி வந்தது? தோற்றதை விற்கிறார்களா?

– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: ஐயா, உங்கள் ஞாபகம் சரி. இதன் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. நல்ல மருந்துகள் இல்லாத 1930கள் முதல் 50கள் வரை, கொடும் பிரஷருக்கு முதுகுத் தண்டை ஒட்டிய நரம்புகளைக் கத்தியால் வெட்டி எடுத்தார்கள். அமெரிக்காவில் ஸ்மித்விக் என்ற அறுவை நிபுணரும் அவரது சகாவும் 1953இல் 1,266 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். பலருக்கு ஆயுள் நீண்டது. ஆனால் அது பெரிய அறுவை. எழுந்து நின்றால் பிரஷர் விழுந்து மயக்கம் வரும். மாத்திரைகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

2009இல் ஆஸ்திரேலியாவின் ஹென்றி கிரம் குழு, கத்தி இல்லாமல் குழாய் வழியாக அதே நரம்புகளைச் சுட்ட முதல் முடிவுகளை வெளியிட்டது. பிரஷர் இருபதுக்கு மேல் இறங்கியது. உலகமே குதித்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க முறையான எதிர்க்குழு இல்லை.

அமெரிக்காவில் செய்த சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வுதான் நீங்கள் படித்தது. 535 பேர். எல்லோருக்கும் தொடையில் துளை போட்டு, சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் பாட்டு வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு நரம்பைச் சுட்டார்கள். மீதிப் பேருக்குச் சுடவில்லை. தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சுட்டவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 14 பாயிண்ட் இறங்கியிருந்தது. சுடாதவர்களுக்கும் ஏறக்குறைய 12 இறங்கியிருந்தது! இரண்டுக்கும் வித்தியாசம் 2.4 பாயிண்ட் அளவில்தான். அது கணக்கில் சேராது.

சுடாதவர்களுக்கு ஏன் இறங்கியது என்பது மருத்துவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய விஷயம். கவனிக்கப்படுகிறோம் என்றதும் நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். அதுவே பத்துப் பாயிண்ட் இறக்கிவிடும் என்றால், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் நோயாளியோடு பேசுகிற நர்ஸ் எவ்வளவு பெரிய வைத்தியம் செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் மனதார ஆதரிப்பதற்கு இதுதான் காரணம். மாத்திரை வீட்டுக்கே போகிறது, கூடவே கேட்பதற்கு ஓர் ஆளும் போகிறார்.

தோல்வியைத் துருவிப் பார்த்ததில் வேறு குறைகளும் தெரிந்தன. சிகிச்சை செய்த டாக்டர்கள் பலருக்கு அது கைப்பழக்கம் இல்லாத வேலை. ஒற்றை முனைக் கருவியால் தமனியைச் சுற்றிலும் சுடுவதற்குப் பதில் ஆங்காங்கே சுட்டிருந்தார்கள். ஆய்வு நடக்கும்போதே பலருக்கு மருந்து மாறியது. அதற்குப் பிறகு கருவியை மாற்றி, கிளைத் தமனிகளிலும் சுட்டு, மருந்தை அறவே நிறுத்தியவர்களிடமும் மருந்து போடுகிறவர்களிடமும் தனித்தனியாக, பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டு மறுபடி பார்த்தார்கள். ஸ்பைரல், ரேடியன்ஸ் என்று அந்த வரிசை ஆய்வுகளில் மிதமான, ஆனால் உண்மையான இறக்கம் தெரிந்தது. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அல்ட்ராசவுண்ட் கருவி, ரேடியோ அலைக் கருவி இரண்டையும் பத்து நாள் இடைவெளியில் அனுமதித்தது. ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. தகுந்தவர்களுக்கு, அனுபவமுள்ள இடத்தில், நோயாளியோடு கலந்து பேசிச் செய்யலாம் என்கின்றன. என் கருத்தும் அதுதான். 2014இல் நிறுத்தி வைத்து மறுபடி சோதித்தது மருத்துவம் தன் கடமையைச் செய்த இடம்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். பிரஷர் அடங்கவில்லை. கிரியேட்டினின் 2.4. இந்தச் சிகிச்சை செய்யலாமா?

– மகன், ஆரியங்காவு

பதில்: தம்பி, இப்போதைக்கு வேண்டாம். அந்த கிரியேட்டினினுக்கும் வயதுக்கும் கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30ஐ ஒட்டி வருகிறது. பெரிய ஆய்வுகளில் 40க்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. படம் எடுக்கச் செலுத்தும் சாயமும் அவருக்குக் கெடுதல் செய்யலாம். அப்பாவை முதலில் சிறுநீரக நிபுணரிடம் காட்டுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகம் கெட்டதால் பிரஷரா, பிரஷரால் சிறுநீரகம் கெட்டதா என்று அவர் பார்க்க வேண்டும். உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கும் பொட்டாசிய உப்பை அவருக்குத் தராதீர்கள்.

கேள்வி: வீட்டில் மெஷின் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுகிறது. எதை நம்புவது?

– ஒரு வாசகி, பண்பொழி

பதில்: மெஷினைக் குறை சொல்லும் முன் பட்டையைப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு ஏற்றித்தான் காட்டும். மேல்கைக்குக் கட்டும் மெஷின்தான் நல்லது, மணிக்கட்டுக்கு உள்ளது வேண்டாம். டீ, காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜையில் வையுங்கள். சேலை, ரவிக்கை மேல் பட்டை கட்டக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை எடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், அப்புறம் இரவில் படுக்கும் முன் என்று ஒரு வாரம் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்; மெஷினையும் கொண்டுபோய் அவருடைய மெஷினோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.